இடது முன் சக்கரம்

பெரிய சத்தமெல்லாம் வரவில்லை. காய்ந்த கழி ஒன்றை முழங்காலில் வைத்து ஒடித்தால் கேட்குமே, அவ்வளவுதான்.

பொன்முடி மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். கல்லாறுக்குச் சற்று மேலே, கடைசி வளைவுகளில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலை. முந்தைய நாள் மழையில் சாலை இன்னும் கறுத்துக் கிடந்தது. அழுகிய இலையும் ஈர மண்ணும் கலந்த வாசனை.

வேகமே இல்லை. இரண்டாவது கியர். ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுக்க ஒடித்தேன். அந்தச் சத்தம் வந்தது. வண்டியின் இடது முன் மூலை தரையில் உட்கார்ந்தது. சக்கரம் மட்டும் மடங்கி மட்கார்டுக்கு அடியில் போய்விட்டது. ஸ்டியரிங்கைத் திருப்பினேன், வண்டி கேட்கவில்லை. வளைவு முடிகிற இடத்தில் இடப்பக்கம் பாறையை வெட்டிய சுவர். அதை உரசிக்கொண்டு போய் நின்றோம்.

அது இரண்டு பேர் மட்டும் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். கூரை கிடையாது. கதவு அவ்வளவு தாழ்வு, உட்கார்ந்தபடியே குனிந்தால் சாலையைத் தொட்டுவிடலாம். அதில் ஏறுகிறவர்கள் எல்லோரும் கையைக் கதவின் மேல்விளிம்பில் போட்டுக்கொள்வார்கள். கோமதியும் அப்படித்தான் போட்டிருந்தாள்.

கோமதி என் மனைவி. பல் மருத்துவர். இடதுகைக்காரி.

இடது கை டாக்டர்

இந்தத் தொடரில் இத்தனை வாரமும் வேலை, வீடு, மழை என்று எழுதி வந்தேன். சிரிக்கிற மாதிரியும் சில வாரங்கள் அமைந்தன. இந்த வாரத்துக்கு உரியதைப் பலமுறை தள்ளிப்போட்டிருக்கிறேன்.

கோமதியின் ஆட்கள் திருநெல்வேலிப் பக்கம். என் ஆட்களும்தான். இரண்டு குடும்பமும் திருவனந்தபுரத்துக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிவிட்டது. சின்ன வயதில் இடது கையால் பந்தியில் பரிமாறப் போய் அவள் வாங்கிய திட்டுகளுக்குக் கணக்கில்லை. எழுத மட்டும் வலது கைக்கு மாற்றினார்கள். மற்றதற்கு அவள் மசியவில்லை.

கோட்டைக்குப் பக்கத்தில் கிளினிக் திறந்தபோது, நாற்காலியும் கருவிகளும் வலதுகைக்காரர்களுக்கு ஏற்ற மாதிரியே வந்து இறங்கின. எல்லாவற்றையும் கழற்றி மறுபக்கம் மாட்டவைத்தாள். வயதான நோயாளிகள் சிலர் வாயைத் திறக்குமுன் அந்தக் கையைப் பார்த்துத் தயங்குவார்கள். "பல்லுக்கு எந்தக் கைன்னு தெரியாது, வாயைத் திறங்க" என்பாள்.

அவள் கையை நான் பலமுறை வேடிக்கை பார்த்திருக்கிறேன். நூலளவு ஊசியைப் பல்லின் வேருக்குள் இறக்குவாள். விரல் மட்டும்தான் அசையும், மணிக்கட்டு அசையாது.

மூன்று வழி

எனக்கு வேலை கழக்கூட்டத்தில், ஒரு மென்பொருள் நிறுவனத்தில். ஒரு கோளாறு நடந்தால் அது எங்கே தொடங்கியது, யார் எந்த இடத்தில் கவனிக்காமல் விட்டார் என்று தேடி அறிக்கை எழுதுவது. பல வருடமாக அதுதான் என் சோறு.

அந்தக் கார் பேரூர்க்கடையில் ஒரு வீட்டின் பின்கொட்டகையில் கிடந்தது. நான் பிறப்பதற்கு முன் இங்கிலாந்தில் செய்தது, அடர் பச்சை. ஒரு எஸ்டேட் மேனேஜர் ஓட்டியதாம். என்ன கம்பெனி என்பது வேண்டாம். நடந்ததில் கம்பெனிக்குப் பங்கில்லை.

அதை உயிர்ப்பித்தவர் தேவசகாயம். என் வயதுதான். மார்த்தாண்டத்துக்காரர், கரமனையில் பட்டறை வைத்திருந்தார். ஊரில் பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் அவரிடம்தான் போவார்கள். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் நான் துள்ளிக் குதிக்காத குறை. அவர் சிரிக்கவே இல்லை. என்னை முன் சக்கரத்துக்கு அருகில் உட்காரவைத்து டார்ச்சை அடித்தார்.

"சாரே, இந்த வண்டிக்க பலவீனம் இங்கயாக்கும்."

சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டைக் காட்டினார். அவர் அதைப் போஸ்ட்டு என்பார். அதன் கீழ்முனையில் திருகுமரை வெட்டியிருக்கும். அந்த முனை ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்தக் கட்டைக்குள் திரும்பும். வண்டியின் முன்பக்க எடை முழுக்க அந்தத் திருகில்தான்.

"இதுக்கு எண்ணெயாக்கும் விடணும். கெட்டியான கியர் ஆயில். கிரீஸ் அடிச்சிரப்பிடாது, கேட்டீங்களா? கிரீஸ் அடிவரைக்கும் எறங்காது. மேல அடச்சு காஞ்சிரும். உள்ள தண்ணி எறங்கி இரும்ப தின்னும். வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது. ஒரு நாள் ஒடியும்."

"இப்ப எப்படி இருக்கு?"

"வலது நல்லா இருக்கு. இடதுல மரையில புள்ளி புள்ளியா துரு. மாத்தணும்."

எப்படி மாற்றலாம் என்று கேட்டேன். விரலை மடக்கிச் சொன்னார்.

"மூணு வழி உண்டும். ஒண்ணு, பழயபடியே புது போஸ்ட்டு, புது கட்டை. ஆறு மாசத்துக்கு ஒருக்க தப்பாம எண்ணெய். ரெண்டு, இந்த கட்டையே வேண்டாம்னு தூக்கிப் போட்டுட்டு கீழ குண்டு மாதிரி திரும்புய பால் ஜாயின்ட் வைக்கயது. அதுக்குண்டான போஸ்ட்டு வெளிநாட்டுல செஞ்சு விக்காவ. திருகும் இல்ல, எண்ணெயும் வேண்டாம். மூணு, வேற புது வண்டிக்க முன்பக்கத்த வெட்டி வெல்டு பண்ணுயது. அத நான் செய்யமாட்டேன்."

"நீங்களா இருந்தா?"

"எனக்க பெண்டாட்டி ஏறுய வண்டின்னா ரெண்டாவது."

நான் தேர்ந்தெடுத்தது

பழைய வண்டிக்காரர்களுக்கு எங்கள் ஊரில் ஒரு குழு உண்டு. வருடத்துக்கு ஒருமுறை மைதானத்தில் வண்டிகளை நிறுத்திக் காட்டுவோம். நடுவர்கள் வருவார்கள், குனிந்து அடியில் பார்ப்பார்கள். பிறக்கும்போது இருந்த பாகம் இல்லையென்றால் மதிப்பெண் குறையும்.

எனக்கு அந்தக் கோப்பை வேண்டியிருந்தது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

முதல் வழியே போதும் என்றேன். புது போஸ்ட்டை வரவழைக்கிறேன், அதுவரை பழையது ஓடட்டும் என்றேன். தேவசகாயம் அரைமனதாக ஒத்துக்கொண்டார். எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி, எண்ணெய் விட்டு மாட்டினார். ஆறு மாதத்துக்குள் புது போஸ்ட்டோடு வரச் சொன்னார்.

போஸ்ட்டை நான் வரவழைக்கவில்லை. வரவழைத்தது வேறு. புது ஷாக் அப்சார்பர், வண்டியைத் தாழ்த்திக் காட்டுகிற குட்டை ஸ்பிரிங், மூட்டுகளில் இடுகிற, சிவப்பு நிறத்தில் கெட்டியான புஷ். இவற்றையும் தேவசகாயம்தான் மாட்டிக்கொடுத்தார். "போஸ்ட்டு எங்க சாரே?" என்று கேட்டார். வந்துகொண்டிருக்கிறது என்றேன்.

இவை மாட்டியபின் வண்டி ஓடிய அழகே தனி. வளைவுகளில் சாயாது. குழியில் இறங்கினால் குலுங்காது. முன்பக்கம் இனி ஆயுசுக்கும் கவலையில்லை என்று என் உடம்பே நம்பிவிட்டது. துருப்பிடித்த மரைக்கும் இந்தச் சுகத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பது மூளைக்குத் தெரியும். ஸ்டியரிங்கைப் பிடித்தால் அந்த மூளை வேலை செய்யாது.

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு ஸ்டியரிங் கனத்தது. கொஞ்சம் முனகவும் செய்தது. தேவசகாயம் ஊரில் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தார். வீட்டில் ஒரு கிரீஸ் கன் வாங்கி வைத்திருந்தேன். வண்டிக்கு அடியில் படுத்து, இடது கட்டையின் வாயில் அதை மாட்டி அழுத்தினேன். மேல்விளிம்பில் கிரீஸ் பிதுங்கி வரும்வரை அழுத்தினேன். ஸ்டியரிங் வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது.

அவர் சொன்னது மறந்து போய்ச் செய்யவில்லை. நினைவிருந்தது. ஒரு தடவைதானே என்று நினைத்தேன். பிறகு ஸ்டியரிங் கனக்கும்போதெல்லாம் அதையே செய்தேன்.

தேவசகாயம் இடையில் ஒருநாள் தொலைபேசியில் கேட்டார். "சாரே, எண்ணெய் விட்டாச்சா?"

"விட்டாச்சு."

கோப்பை எனக்குக் கிடைக்கவில்லை. அந்த வருடமும் இல்லை, அடுத்த வருடமும் இல்லை.

கல்லாறு

வண்டி நின்றதும் முதலில் நான் பார்த்தது பானெட்டை. அதையும் எழுதியாக வேண்டும். பெயின்ட் போயிற்றே என்று ஒரு நொடி நினைத்தேன். அதன்பிறகுதான் திரும்பினேன்.

கோமதி கத்தவில்லை. முகம் வெளுத்திருந்தது. கதவுக்கும் பாறைக்கும் நடுவே அவள் கை இருந்தது.

"வண்டிய முன்னாடி எடுக்காதீங்க. பின்னாடி தள்ளணும். நேரா பின்னாடி. ஆளுங்களைக் கூப்பிடுங்க" என்றாள்.

பின்னால் வந்த ஜீப்பிலிருந்து நாலு பேர் இறங்கினார்கள். வண்டியைத் தூக்கினாற்போலவே பின்னால் நகர்த்தினோம். அவள் தன் துப்பட்டாவை வலது கையால் உருவி என்னிடம் நீட்டினாள். எங்கே கட்ட வேண்டும், எவ்வளவு இறுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அப்படியே கட்டினேன்.

கல்லாறில் ஜீப்பை நிறுத்தித் தண்ணீர் வாங்கினோம். கடைக்கார அம்மாள் ஓடிவந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "பேடிக்கண்டா மோளே, பேடிக்கண்டா", பயப்படாதே மகளே என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்போதுதான் கோமதி அழுதாள்.

நெடுமங்காடு தாண்டும்போது என்னிடம் மெல்லக் கேட்டாள். "சுண்டுவிரல் அசையுதான்னு பாருங்க. எனக்குத் தெரியல."

பார்த்தேன். அசைகிறது என்றேன். அசையவில்லை.

ஒரு பெயர்

மூன்று அறுவை சிகிச்சைகள். கை தங்கியது. மோதிரவிரலும் சுண்டுவிரலும் மடங்காமல் நின்றுவிட்டன. கட்டைவிரலால் ஒரு பேனாவைக்கூட அழுத்திப் பிடிக்க முடியவில்லை.

இரண்டாவது அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள். ஜன்னல் பக்கம் பார்த்தபடி படுத்திருந்தாள்.

"அந்த வீல் வேலை யாரு பாத்தது?"

என் வாயிலிருந்து ஒரு பெயர்தான் வந்தது. "தேவசகாயம்."

பொய்யென்று எந்தக் கோர்ட்டும் சொல்லாது. போலீஸ் ஸ்டேஷனில் வண்டியைச் சோதிக்க வந்த அதிகாரி கேட்டபோதும் அதையே சொன்னேன். குழுவின் வாட்ஸ்அப்பில் நண்பர்கள் விசாரித்தபோது, 'முன்பக்க வேலை முழுக்க அவர் செய்ததுதான்' என்று ஒரு வரி போட்டேன். ஒவ்வொரு சொல்லையும் யோசித்துத்தான் போட்டேன். அறிக்கை எழுதிப் பழகிய கை.

ஒரு மாதத்துக்குள் கரமனைப் பட்டறையிலிருந்து பழைய வண்டிகள் ஒவ்வொன்றாக வெளியேறின.

தேவசகாயம் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கழுவிய வெள்ளைச் சட்டை. கோமதி பார்க்க மாட்டேன் என்றுவிட்டாள். நான் வராந்தாவிலேயே மறித்துப் பேசினேன்.

"டாக்டருக்கு எப்பிடி இருக்கு சாரே?"

"இப்ப பாக்க முடியாது."

"வேண்டாம், அவுங்க ரெஸ்ட் எடுக்கட்டும். எனக்கு அந்த போஸ்ட்ட ஒண்ணு பாக்கணும் சாரே. ஒடிஞ்ச எடத்த. நான் அந்தப் புள்ளியக் கண்டுட்டே வண்டிய வெளிய விட்டவனாக்கும். புதுசு வாராம தரமாட்டேன்னு நிக்கணும், நிக்கல. எண்ணெய் விட்டும் ஒடிஞ்சிருக்குன்னா நான் பாக்காம விட்டது வேற என்னமோ இருக்கு. எனக்கு ஒறக்கம் வரல்ல."

அந்த இடத்தில் ஒரு வாக்கியம் போதும். எண்ணெய் விடவில்லை, கிரீஸ் அடித்தேன். அவ்வளவுதான். தொண்டை வரை வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. வரவேயில்லை.

"வண்டி போலீஸ்ல நிக்குது. அப்புறம் பாக்கலாம்" என்றேன்.

சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் படி இறங்கிப் போனார்.

வண்டி பிறகு வீட்டுக்கு வந்தது. ஒடிந்த துண்டையும் வெண்கலக் கட்டையையும் நானே கழற்றி ஒரு தகர டப்பாவில் போட்டு அலமாரி மேல் வைத்தேன். அவரைக் கூப்பிடவில்லை.

கோமதி பார்த்தது

மழைக்காலம் வந்து போனது. கிளினிக்கை மூடினோம். அவளுக்கென்று மாற்றி அமைத்த அந்த நாற்காலியை எடுத்துக்கொள்ள இடதுகை டாக்டர் யாரும் கிடைக்கவில்லை. வாங்கியவர்கள் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி வலப்பக்கம் மாட்டிக்கொண்டு போனார்கள். கோமதி நின்று பார்த்தாள்.

அதற்கடுத்த வாரம், தேவசகாயத்துக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பப் போவதாகச் சொன்னாள். வக்கீல் ஒடிந்த பாகத்தைக் கேட்டிருக்கிறாராம்.

டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். துண்டைத் துடைத்து வைக்க எனக்கு எத்தனையோ மாதம் இருந்தது. துடைக்கவில்லை. நேர்மையால் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அந்த டப்பாவைத் திறக்கவே பயந்தேன் என்பதுதான் உண்மை.

சாப்பாட்டு மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்தாள். பல் பார்க்கும்போது மாட்டிக்கொள்ளும் உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து மாட்டினாள். விபத்துக்குப் பின் அன்றுதான் அதை முதல்முறையாகத் தொடுகிறாள். ஒரு ஊசிமுனைக் கருவியை வலது கையில் பிடித்தாள். கருவிக்குப் பழகாத கை, முனை வழுக்கி வழுக்கிப் போனது. நான் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

ஒடிந்த முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"இங்க பாருங்க. முக்கால்வாசி பழுப்பா இருக்கு. ஓரத்துல மட்டும் பிறை மாதிரி கொஞ்சம் பளபளன்னு இருக்கு. அன்னிக்கு ஒடிஞ்சது இந்தப் பிறை மட்டும்தான். மத்தது ரொம்ப நாளா ஒடிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு."

நான் அந்தப் பிறையைப் பார்த்தேன்.

மரைக்குள் ஊசியை விட்டுச் சுரண்டினாள். கறுப்பாக, கட்டியாக ஒன்று பெயர்ந்து தாளில் விழுந்தது. பல்லில் படிந்த காரை மாதிரி. விரலால் நசுக்கிப் பார்த்தாள்.

"இது எண்ணெய் இல்லையே. நேத்து வக்கீல் முன்னாடி ஃபோன் போட்டப்போ அந்த ஆளு ஒண்ணுதான் சொன்னாரு. நான் எண்ணெய்தான் விட்டேன் டாக்டரே, கிரீஸ் அதுல எனக்க பட்டறையில தொட்டதே இல்லன்னு." கண்ணாடியைக் கழற்றினாள். "இதுல கிரீஸ் அடிச்சது யாரு?"

"நான்."

"அவரு வேண்டாம்னு சொல்லியிருந்தாரா?"

"சொல்லியிருந்தார்."

"அவருக்குத் தெரியுமா நீங்க அடிச்சது?"

"தெரியாது."

கையில் இருந்ததைத் தாளில் வைத்தாள்.

"கை போனதை நான் எப்படியாவது தாங்கிக்கிடுவேன். அது நடந்துட்டு. இத்தனை மாசமா அந்த மனுசனை நான் சபிச்சேனே. ஊரெல்லாம் சொன்னேனே. என்னைச் சொல்ல வச்சுட்டு பக்கத்துலயே உக்காந்து எனக்கு ஊட்டிவிட்டீங்களே."

அதன்பிறகு வெகுநாள் அவள் தானே சாப்பிட்டாள். மேஜையெல்லாம் சிந்தும். துடைக்கவும் என்னை விடவில்லை.

கரமனை

மறுநாள் காலை பட்டறைக்குப் போனேன். முன்பு நாலைந்து பழைய வண்டிகள் நிற்கும் இடத்தில் இரண்டு ஸ்கூட்டரும் ஒரு ஆட்டோவும் நின்றன. தேவசகாயம் ஸ்டூலில் உட்கார்ந்து கார்புரேட்டர் ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தார்.

சொன்னேன். நின்றபடியே, ஆரம்பத்திலிருந்து சொன்னேன். துண்டை அவர் கையில் கொடுத்தேன்.

வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் மரையைக் கீறினார். முகர்ந்தார்.

"கிரீஸாக்கும்" என்றார்.

துண்டை மடியில் வைத்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. முகத்தை முழங்கையில் புதைத்துக்கொண்டார். கையெல்லாம் பெட்ரோல்.

"நான் கொன்னுட்டேன்னு நெனச்சேன் சாரே. அந்த டாக்டருக்க கைய நானாக்கும் கொன்னேன்னு நெனச்சேன். பெரிய வண்டிக்க அடியில போயி படுத்தா கை ஓடாது. அதான் ஸ்கூட்டர் பாக்கேன்."

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை. துண்டைத் தாளில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார்.

"டாக்டர்ட்ட நான் ஒருநாள் வாறேன்னு சொல்லுங்க. நீங்க இனி இங்க வரண்டாம்."

நடந்ததைக் குழுவில் அன்றைக்கே எழுதினேன். இருவர் மட்டும் தனியாக அழைத்தார்கள். ஒருவர் திட்டினார். இன்னொருவர், "ஆருக்கும் தெரியாத காரியம், எதற்குப் போய்ச் சொன்னீர்?" என்று மலையாளத்தில் அனுதாபப்பட்டார். வெளியேறிய வண்டிகளில் சில கரமனைக்குத் திரும்பியதாகக் கேள்வி. எல்லாம் திரும்பவில்லை.

தேவசகாயம் சொன்னபடி வந்தார். நான் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தார். அவரும் கோமதியும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

காரை விற்றுவிட்டேன். விற்பதற்கு முன் வேறு ஊரில் ஒரு பட்டறையில் கொடுத்து இரண்டு பக்கமும் வெண்கலக் கட்டையை எடுத்துவிட்டு பால் ஜாயின்ட் வைக்கச் செய்தேன். தேவசகாயம் சொன்ன இரண்டாவது வழி. மூன்றே நாள் வேலை. வாங்கியவர் அடியில் குனிந்து பார்த்துவிட்டு, ஒரிஜினல் போய்விட்டதே என்று முகம் சுளித்தார்.

கோமதி இப்போது ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். கருவியைத் தொடுவதில்லை. எப்படிப் பிடிக்க வேண்டும் என்று வாயால் சொல்லிக்கொடுக்கிறாள். நாங்கள் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்.

இந்த அத்தியாயத்தை அனுப்புவதற்கு முன் அவளிடம் கொடுத்தேன். வேண்டாம் என்றால் கிழித்துவிடலாம் என்றேன். இரண்டுமுறை படித்தாள். ஒரு இடத்தில் பென்சிலில் அடித்திருந்தாள். சாப்பாட்டு மேஜையில் நடந்ததை நான் முதலில் வேறு மாதிரி எழுதியிருந்தேன். 'அன்று கோமதியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்' என்று ஒரே வரியில்.

"நீங்களா சொல்லலை" என்றாள். "நான் கேட்டேன். அப்புறம்தான் சொன்னீங்க. அதை மாத்துங்க."

மாற்றிவிட்டேன்.